பையோடு அலைகிற ஹார்டு டிஸ்க்: எது தாங்கும்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உயிர்போன டிஸ்க்கைக் கையில் ஏந்திக்கொண்டு கடைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் தொடங்குவார்கள்: “லேசாத்தான் சார் விழுந்துச்சு.” அடுத்தது, “அதுலதான் பாப்பாவோட போட்டோ எல்லாம் இருக்கு.” கம்ப்யூட்டர் பழுது பார்ப்பது என் தொழில். எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க் வாங்கப் போகிறவர்கள் கேட்ட கேள்விகளும், வாங்கி அடிபட்டவர்கள் கேட்ட கேள்விகளும் கலந்து கீழே இருக்கின்றன.

எந்தக் கம்பெனி டிஸ்க் நல்லா உழைக்கும்?

எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான். ஆனால் கேள்வியில் பாதிக்குத்தான் பொருள் உண்டு. இன்று உலகத்தில் ஹார்டு டிஸ்க் தயாரிப்பவை மூன்றே நிறுவனங்கள்: சீகேட், வெஸ்டர்ன் டிஜிட்டல், தோஷிபா. சாம்சங் தன் ஹார்டு டிஸ்க் தொழிலை 2011இல் சீகேட்டுக்கு விற்றுவிட்டது. ஆரஞ்சு ரப்பர் போட்டு வரும் லசீ, சீகேட்டின் கையில் இருக்கிறது. டிரான்செண்ட், ஏடேட்டா, சிலிக்கான் பவர் என்று உறுதிக்குப் பெயர்போன டிஸ்க்குகளைத் திறந்து பார்த்தால் உள்ளே இந்த மூவரில் ஒருவருடைய டிஸ்க்தான் இருக்கும். சட்டைதான் வேறு.

அதனால் நான் திருப்பிக் கேட்பது: டிஸ்க் எங்கே இருக்கப் போகிறது? வீட்டு அலமாரியிலா, தினமும் பைக்கில் அலையும் பையிலா? எது வாங்கலாம் என்பதை இந்தப் பதில்தான் தீர்மானிக்கும்.

லேசாக விழுந்ததற்கே ஏன் போய்விடுகிறது?

விழுந்த உயரத்தைவிட, விழும்போது அது ஓடிக்கொண்டிருந்ததா என்பதுதான் முக்கியம்.

உள்ளே கண்ணாடி மாதிரி பளபளக்கிற வட்டத் தட்டுகள் நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றுகின்றன. அதற்கு மேலே, தட்டைத் தொடாமல், காற்றின் மெல்லிய படலத்தில் மிதந்தபடி ஹெட் என்னும் சின்னஞ்சிறு முனை படிக்கிறது, எழுதுகிறது. தட்டுக்கும் ஹெட்டுக்கும் இடைவெளி சில நானோமீட்டர். தலைமுடி ஒன்றின் தடிமன் எண்பதாயிரம் நானோமீட்டர் அளவுக்கு வரும் என்றால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். அந்த நிலையில் ஒரு இடி பட்டால் ஹெட் தட்டில் உரசும். உரசிய இடத்தில் எழுத்து போகும். உதிர்ந்த தூள் சுற்றிச்சுற்றி மற்ற இடங்களையும் கெடுக்கும்.

டிஸ்க் நின்றுவிட்டால் கதையே வேறு. ஹெட் தட்டை விட்டு விலகி, ஓரத்தில் இருக்கும் சின்னச் சரிவில் ஏறி உட்கார்ந்துவிடும். 2.5 அங்குல டிஸ்க்குகளின் விவரக் குறிப்பைப் பார்த்தால், ஓடும்போது தாங்கும் அதிர்ச்சி சுமார் 400 ஜி (அதாவது புவியீர்ப்பைப்போல் 400 மடங்கு), நின்றிருக்கும்போது அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் என்று போட்டிருப்பார்கள். கேட்க பெரிய எண்ணாகத்தான் இருக்கும். ஆனால் கடினமான தரையில் விழும் பொருள் ஒரு மில்லி விநாடியில் நின்றுவிடுவதால், மேஜை உயரத்திலிருந்தே பல நூறு ஜியை எட்டிவிடலாம்.

எனக்கே நடந்திருக்கிறது. லேப்டாப் மூடியின் மேல் டிஸ்க்கை வைத்து ஒரு கல்யாண வீடியோவைக் காப்பி போட்டுக்கொண்டிருந்தேன். பையன் ஓடிவந்தான், கேபிளில் கால் மாட்டியது, டிஸ்க் முக்கால் அடிதான் விழுந்தது. அதுவும் பாய் மேல். அன்றைக்கு அது எழுப்பிய ‘டக்... டக்...’ சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. அதே டிஸ்க் ஒருமுறை பஸ்ஸின் மேல்தட்டிலிருந்து பையோடு விழுந்தும் பிழைத்திருந்தது. அன்றைக்கு அது ஓடவில்லை, அவ்வளவுதான்.

எனவே ஓடும் டிஸ்க் மேஜையில் படுக்கையாகக் கிடக்கட்டும். கேபிள் விளிம்பில் தொங்க வேண்டாம். இஜெக்ட் கொடுத்த பிறகும் தட்டு நிற்கச் சில விநாடி ஆகும். மனசுக்குள் பத்து எண்ணிவிட்டுக் கையில் எடுங்கள்.

‘மிலிட்டரி கிரேடு’ என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, நம்பலாமா?

பாதி நம்பலாம். அது மில்-எஸ்டிடி-810 என்ற அமெரிக்க ராணுவச் சோதனை முறையைக் குறிக்கிறது. அதில் விழும் சோதனை என்ன தெரியுமா? 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து, முகம், விளிம்பு, மூலை எல்லாம் படும்படி 26 முறை போட வேண்டும். ஒரே பொருள் 26 முறையும் விழ வேண்டும் என்பதில்லை. ஐந்து உருப்படி வரைக்கும் பிரித்துக்கொள்ளலாம். விழும் தரை, கான்கிரீட்டின் மேல் வைத்த இரண்டு அங்குல ஒட்டுப்பலகை. நம் வீட்டில் இருப்பது கிரானைட்டும் டைல்ஸும். இன்னொன்று, டிஸ்க்குகளுக்கு இந்தச் சோதனையை ஓடாத நிலையில்தான் செய்கிறார்கள்.

ராணுவம் வந்து சான்றிதழ் கொடுத்துவிட்டுப் போவதும் கிடையாது. தயாரிப்பாளர் தானே செய்துபார்த்துக்கொள்வது, அல்லது வெளி ஆய்வகத்தில் செய்யச் சொல்வது.

இதற்காக ரப்பர் சட்டையைக் கேலி செய்ய மாட்டேன். டிரான்செண்டின் ஸ்டோர்ஜெட் 25எம்3 போன்றவற்றில் வெளியே ரப்பர், உள்ளே டிஸ்க்கை மிதக்கவிடும் அமைப்பு என்று இருக்கிறது. பைக்குள் குலுங்குவதற்கும் கை தவறுவதற்கும் அது நிச்சயம் உதவும். காப்பி ஓடும்போது தள்ளிவிடுவதற்கு மட்டும் எந்தச் சட்டையும் காவல் இல்லை.

ஐபி67, ஐபி65 என்பதெல்லாம்?

முதல் எண் தூசிக்கு, இரண்டாவது எண் தண்ணீருக்கு. 6 என்றால் தூசி உள்ளே போகாது. 5 என்றால் பீய்ச்சும் தண்ணீரைத் தாங்கும். 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். சாதாரண போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க்குக்கு இந்த எண் எதுவும் இருக்காது. அதன் மேல் மூடியில் காற்று போய்வர ஒரு சிறு துளை உண்டு. ஹெட் மிதக்கக் காற்று வேண்டுமே! அந்தத் துளை வழியே தண்ணீர் போனால் கதை முடிந்தது. போர்ட்டுக்கு ரப்பர் மூடி போட்ட டிஸ்க் வாங்கினால், மூடியை ஒழுங்காக அழுத்தி வைத்தால்தான் அந்த எண்ணுக்கு மதிப்பு. மழைக்காலத்தில் நான் செய்வது மலிவான வேலை: ஜிப் கவர்.

அப்படியானால் எஸ்எஸ்டி வாங்கிவிட்டால் நிம்மதியா?

விழுகிற பயத்திலிருந்து நிம்மதி. எஸ்எஸ்டி தகவலைச் சிப்பில் வைத்திருக்கிறது. சுற்றுகிற தட்டும் இல்லை, மிதக்கிற ஹெட்டும் இல்லை. சாம்சங் டி7 ஷீல்டு 3 மீட்டர் வரை விழுந்தாலும் தாங்கும் என்றும், ஐபி65 என்றும் அந்நிறுவனம் சொல்கிறது. அதைப் பையில் போட்டு அலையலாம்.

வேகத்திலும் பெரிய வித்தியாசம். போர்ட்டபிள் ஹார்டு டிஸ்க் நல்ல நாளிலே விநாடிக்கு 120, 130 எம்பி தரும்; 100 ஜிபி காப்பி ஆக கால் மணி நேரம் ஆகிவிடும். எஸ்எஸ்டி ஓரளவு நல்லதாக இருந்து, லேப்டாப்பில் வேகமான யூஎஸ்பி போர்ட்டும் இருந்தால் இரண்டு மூன்று நிமிடம். காப்பி ஓடுகிற நேரம் குறைவதும் ஒரு பாதுகாப்புதான், விபத்துக்குக் கிடைக்கும் நேரம் அவ்வளவு குறைவு.

விலை கூடுதல். கொள்ளளவு ஏற ஏற அந்த வித்தியாசமும் ஏறும்.

ஆனால் அதற்கும் நோய் உண்டு. ஹார்டு டிஸ்க் பெரும்பாலும் முனகிவிட்டுச் சாகும். எஸ்எஸ்டி பல நேரம் சொல்லாமல் போய்விடும். காலையில் வேலை செய்தது மாலையில் கம்ப்யூட்டருக்கே தெரியாது. 2023இல் சான்டிஸ்க் எக்ஸ்ட்ரீம் வரிசையின் சில மாடல்களில் இப்படிப் புகார்கள் கிளம்பி, ஃபர்ம்வேர், அதாவது டிஸ்க்குக்குள்ளேயே இருந்து அதை இயக்கும் மென்பொருளுக்கு, திருத்தம் வெளியிட வேண்டி வந்தது. அதோடு, அழித்த கோப்பை மீட்பதும் எஸ்எஸ்டியில் கடினம்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகப் பிடித்து வைத்திருக்கிறது. கரண்ட் இல்லாமல் நெடுநாள் கிடந்தால் அந்த ஏற்றம் மெல்லக் கசியும். ஜெடெக் என்ற தரநிர்ணய அமைப்பு கேட்பது, எழுதும் ஆயுள் முழுக்கத் தீர்ந்த எஸ்எஸ்டியும் 30 டிகிரியில் மின்சாரம் இல்லாமல் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பது. புதியது அதைவிட நெடுநாள் தாங்கும். ஆனாலும் கல்யாண ஆல்பத்தை எஸ்எஸ்டியில் போட்டு ஏழெட்டு வருஷம் லாக்கரில் பூட்டி வைக்கும் யோசனைக்கு நான் சரி சொல்ல மாட்டேன்.

என் கணக்கு இதுதான்: அலைகிற பைக்கு எஸ்எஸ்டி, அசையாத அலமாரிக்கு ஹார்டு டிஸ்க்.

டிஸ்க் நன்றாக இருக்கிறது, கேபிளை ஆட்டினால்தான் வேலை செய்கிறது. ஏன்?

விழுவதற்கு அடுத்து என் மேஜைக்கு அதிகம் வருவது இந்தக் கோளாறு. வாங்கும்போது யாரும் கேட்பதில்லை.

பல போர்ட்டபிள் டிஸ்க்குகளில் மைக்ரோ-பி என்ற போர்ட் இருக்கிறது. ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல், தட்டையானது. தினமும் செருகிப் பிடுங்கினால் தளர்ந்துவிடும். டைப்-சி போர்ட் அதைவிட உறுதி. ஒரே விலையில் இரண்டும் கிடைத்தால் யோசிக்காமல் டைப்-சி.

இப்போது ஒரு உள் விஷயம். சில போர்ட்டபிள் டிஸ்க்குகளில், முக்கியமாக வெஸ்டர்ன் டிஜிட்டலின் எலிமென்ட்ஸ், மை பாஸ்போர்ட் வகைகளில், யூஎஸ்பி போர்ட் டிஸ்க்கின் சர்க்யூட் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். போர்ட் உடைந்தால் டிஸ்க்கைக் கழற்றி வேறு கேஸிங்கில் மாட்டிப் படிக்க வழியில்லை. போர்டில் கைவைத்தே ஆக வேண்டும். சீகேட்டின் பல மாடல்களில் உள்ளே, லேப்டாப்புக்குள் மாட்டுவது போன்ற சாதாரண சாட்டா வகை டிஸ்க்கும் தனியாக ஒரு சின்ன இணைப்பு போர்டும் இருக்கும். போர்ட் போனால் டிஸ்க்கைக் கழற்றி மாட்டிக்கொள்ளலாம். தினமும் செருகிப் பிடுங்குகிறவர்களுக்கு இது பிராண்டு பெயரைவிடப் பெரிய விஷயம் என்பேன்.

கேபிளை டிஸ்க்கிலேயே செருகியபடி சுற்றிப் பையில் திணிக்காதீர்கள். கேபிள் தொலைந்தால் போன் சார்ஜர் டைப்-சி கேபிளை மாட்டி “ஸ்லோவா இருக்கு” என்று வருகிறார்கள். பல சார்ஜர் கேபிள்களில் யூஎஸ்பி 2.0 கம்பிகள்தான் இருக்கும். விநாடிக்கு 40 எம்பி தாண்டாது.

செருகினால் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டு நின்றுவிடுகிறது. போய்விட்டதா?

உடனே பதற வேண்டாம். தட்டு சுற்றத் தொடங்கும் நொடியில் டிஸ்க் நிறைய மின்சாரம் கேட்கும். யூஎஸ்பி 2.0 போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர், 3.0 போர்ட் 900. பழைய டெஸ்க்டாப்பின் முன்பக்கப் போர்ட், சக்தியில்லாத யூஎஸ்பி ஹப், நீளமான எக்ஸ்டென்ஷன் கேபிள் இவற்றில் டிஸ்க் பசியில் துடிக்கும். வேறு கேபிளில், பின்பக்கப் போர்ட்டில் நேராகச் செருகிப் பாருங்கள். அங்கேயும் அதே சத்தம் என்றால் உடனே பிடுங்கிவிடுங்கள், மறுபடி மறுபடி முயற்சி வேண்டாம்.

எவ்வளவு டிபி வாங்கலாம்? 5 டிபி ஒன்றா, 2 டிபி இரண்டா?

2 டிபி இரண்டு. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

மெலிந்த 2 டிபி டிஸ்க்கில் பொதுவாக இரண்டு தட்டு, தடித்த 5 டிபியில் ஐந்து தட்டு வரை இருக்கும். தட்டின் இரண்டு பக்கத்துக்கும் தனித்தனி ஹெட் என்றால் 5 டிபியில் பத்து ஹெட். உடைவதற்கு அத்தனை உருப்படி. கனமும் கூடுதல், விழும் அடியும் கூடுதல். எல்லாவற்றுக்கும் மேலாக, 5 டிபி போனால் மொத்தமும் ஒரே நாளில் போகும்.

ஆனால் இரண்டு டிஸ்க் வாங்கி ஒன்றில் கல்யாணம், ஒன்றில் ஊர்த் திருவிழா என்று பிரித்து வைத்தால் பயனில்லை. இரண்டிலும் ஒரே சரக்கு இருக்க வேண்டும்.

1 டிபி வாங்கினேன், கம்ப்யூட்டர் 931 ஜிபி என்கிறது. ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை. தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1024ஆக எண்ணுகிறது. சரக்கு ஒன்றுதான், படி வேறு.

முதலில் வேகமாகக் காப்பி ஆகிறது, பாதியில் ஆமையாகிவிடுகிறதே?

1 டிபிக்கு மேற்பட்ட போர்ட்டபிள் டிஸ்க்குகள் பெரும்பாலும் எஸ்எம்ஆர் என்ற முறையில் எழுதுகின்றன. ஓட்டு வீட்டுக் கூரையை நினைத்துக்கொள்ளுங்கள். ஓடுகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்திருக்கும், இடம் மிச்சம். ஆனால் நடுவில் ஓர் ஓட்டை மாற்ற அதன்மேல் ஏறிய ஓடுகளையும் எடுத்து அடுக்க வேண்டும். டிஸ்க்கும் அப்படித்தான் தடங்களை ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி எழுதுகிறது. வருவதை முதலில் தனி இடத்தில் வேகமாக இறக்கிவைத்துக்கொள்ளும், அது நிரம்பியதும் கூரை வேலை தொடங்கும். அப்போதுதான் மூச்சு வாங்குகிறது. கெட்டுப்போனதற்கு அடையாளம் இது இல்லை. எழுதி வைத்துப் படிப்பதற்கு எஸ்எம்ஆர் போதும். தினமும் அழித்து எழுதி, அதிலிருந்தே வீடியோ எடிட் செய்கிறவருக்கு ஒத்துவராது.

எந்த ஃபார்மட்டில் வைப்பது?

விண்டோஸ் மட்டும் என்றால் என்டிஎஃப்எஸ். மேக்கிலும் எழுத வேண்டும் என்றால் எக்ஸ்ஃபேட். மேக் தானாக என்டிஎஃப்எஸ்ஸைப் படிக்கும், எழுதாது. எக்ஸ்ஃபேட்டில் ஒரு குறை: எழுதும் நடுவில் கேபிளைப் பிடுங்கினால் கோப்புப் பட்டியல் குழம்ப வாய்ப்பு அதிகம். ஃபேட்32 வேண்டாம், 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றைக் கோப்பை ஏற்காது. டிவியில் மாட்டும்போது ‘ஃபார்மட் செய்யவா’ என்று கேட்டால், ரிமோட்டைத் தாத்தாவிடம் கொடுக்காதீர்கள்.

இஜெக்ட் கொடுக்காமல் பிடுங்கலாமா?

2018இல் வந்த விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து, கம்ப்யூட்டர் எழுத்தைத் தேக்கி வைக்காமல் உடனுக்குடன் எழுதும்படி மாற்றிவிட்டார்கள். அதனால் பென்டிரைவுக்குப் பெரும்பாலும் பரவாயில்லை. ஹார்டு டிஸ்க்கில் மட்டும் எனக்கு அந்தத் துணிச்சல் வராது. கரண்ட் திடீரென்று போனால் ஹெட் அவசரமாகத் தாவி ஓரத்துக்கு ஓட வேண்டும். எப்போதாவது என்றால் சமாளிக்கும். தினமும் அந்த வேலை வாங்குவானேன்?

நம் ஊர் வெயில் தாங்குமா?

விவரக் குறிப்பில் பல போர்ட்டபிள் டிஸ்க்குகளுக்கு ஓடும் வெப்பம் 5 முதல் 35 டிகிரி வரை என்று இருக்கும். சித்திரையில் மதுரையிலோ வேலூரிலோ ஃபேன் காற்றே அதைத் தாண்டும். அதனால் வெயில் காலத்தில் மெத்தை மேல், தலையணை மேல், லேப்டாப்பின் சூடு வரும் ஓட்டைக்குப் பக்கத்தில் வைத்து மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுப்போவதும் கூடாது. குளுகுளு அறையிலிருந்து புழுக்கத்துக்கு எடுத்துவந்த உடனே செருகாமல் சற்றுப் பொறுங்கள், உள்ளே ஈரம் பூத்திருக்கலாம்.

ஆன்லைனில் 16 டிபி எஸ்எஸ்டி 1500 ரூபாய்க்கு வருகிறதே?

வராது. உள்ளே ஒரு மெமரி கார்டைப் பசை போட்டு ஒட்டி, ‘நான் 16 டிபி’ என்று பொய் சொல்லும்படி ஃபர்ம்வேரை மாற்றியிருப்பார்கள். காப்பி ஆனது போலவே காட்டும்; நிஜக் கொள்ளளவு தீர்ந்ததும் போடுவதெல்லாம் காற்றில் போகும். சந்தேகம் வந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பாருங்கள். ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் ஜிஎஸ்டி பில் கேளுங்கள், சீரியல் எண்ணைத் தயாரிப்பாளர் தளத்தில் போட்டு வாரன்ட்டி காட்டுகிறதா என்று அன்றைக்கே பாருங்கள்.

வாரன்ட்டி மூன்று வருஷம் இருக்கிறதே, பிறகென்ன கவலை?

வாரன்ட்டியில் கிடைப்பது வேறொரு காலி டிஸ்க். சீகேட்டின் சில மாடல்களோடு மட்டும் தகவல் மீட்புச் சேவையும் சேர்ந்து வருகிறது, வாங்கும்போது பெட்டியில் பாருங்கள்.

சாகப்போகிறது என்று முன்கூட்டியே தெரியுமா?

ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு தெரியும். கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளை மாதம் ஒருமுறை திறந்து பாருங்கள். 05, சி5, சி6 என்ற மூன்று வரிசையும் பூச்சியமாக இருக்க வேண்டும். 05 என்றால் கெட்டுப்போய் மாற்றி வைத்த இடங்கள். சி5 என்றால் படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் இடங்கள். சி6 என்றால் சரிசெய்ய முடியாமல் போன இடங்கள். சி5 ஏறத் தொடங்கினால் அன்றைக்கே காப்பி எடுங்கள். விலைமதிப்பில்லாதது முதலில், சினிமா கடைசியில். அந்த நேரத்தில் செக்டிஸ்க் என்ற விண்டோஸின் டிஸ்க் சரிபார்ப்பு வேலையை ஓட்டாதீர்கள். சாகக் கிடப்பவரை எழுப்பி உடற்பயிற்சி செய்யச் சொல்வது மாதிரி அது. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்று சொல்பவர்களை நம்பவும் வேண்டாம். ஹெட் போயிருந்தால் தூசியற்ற அறையில் அதே மாடல் டிஸ்க்கிலிருந்து ஹெட் எடுத்து மாற்ற வேண்டும். அதற்கு ஆகும் செலவில் புது டிஸ்க் பலது வாங்கலாம். நான் அதைச் செய்வதில்லை. செய்கிற இடத்துக்கு அனுப்பிவிடுவேன்.

சரி, நீங்கள் என்ன வைத்திருக்கிறீர்கள்?

பையில் 1 டிபி எஸ்எஸ்டி. அதில் இருப்பது முழுக்க, வாரம் ஒருமுறை வீட்டு பீரோவில் இருக்கும் 2 டிபி ஹார்டு டிஸ்க்குக்குப் போகும். வேறு கம்பெனியில், வேறு மாதத்தில் வாங்கிய இன்னொரு 2 டிபி, அக்கா வீட்டில் வேறு ஊரில் இருக்கிறது, வெராகிரிப்ட் என்ற மென்பொருளால் கடவுச்சொல் பூட்டுப் போட்டு. பொங்கலுக்கும் தீபாவளிக்கும் போகும்போது பீரோ டிஸ்க்கைக் கொண்டுபோய் அங்கே வைத்துவிட்டு, அங்கிருப்பதை எடுத்துவந்து புதுப்பித்துக்கொள்வேன். இரண்டின் மேலும் வாங்கிய மாதத்தை மார்க்கரில் எழுதியிருக்கிறேன். ஐந்து வருஷம் தாண்டியதைச் சினிமாவுக்கு ஒதுக்கிவிட்டுப் புதிது வாங்குவது வழக்கம். போன தீபாவளிக்கு டிஸ்க்கை மறந்துவிட்டு அதிரசத்தை மட்டும் கொண்டுபோனேன். பொங்கலுக்கு மறக்கக் கூடாது என்று பையின் சைடு ஜிப்பில் இப்போதே போட்டு வைத்திருக்கிறேன்.